சொட்டுக்கூட விழாமல் இறுக்கிய கிளாண்டு: ஓர் இழுவைமடிப் படகின் நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினம் கரையிலிருந்து தங்குகடலுக்கு, அதாவது சில நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய்வரும் இழுவைமடிப் படகு அது. ஏறத்தாழ 15 மீட்டர் நீளம், மர உடம்பு, மேலே ஃபைபர் போர்த்தியது. ஓர் இரவு மடி இழுத்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் அறையிலிருந்து கருகல் வாடை வந்தது. வயர் எரிகிறது என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார்கள். வாடை போகவில்லை. தளப்பலகையைத் தூக்கினால், புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் படகின் உடம்பைத் தாண்டி வெளியே போகிற இடத்தில் புகை. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சூடு தணியட்டும் என்று அதன்மேல் ஒரு வாளி கடல்நீரை ஊற்றினார்கள். மறுபடி கியர் போட்டதும் உள்ளேயிருந்த கருகிய பேக்கிங் (தண்ணீரைத் தடுக்க அடைத்த கயிறு) பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஷாஃப்டைச் சுற்றி வட்டமாகத் தண்ணீர் பீறிட ஆரம்பித்தது.

அந்தப் பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்டின் நட்டுகளை இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்க இனி மரை மிச்சமில்லை. ஷாஃப்டை முழுதாக நிறுத்திவிட்டு, பழைய துணியில் கிரீஸ் தடவி இடுக்கில் திணித்து, அதற்குமேல் சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டியதும் வரத்து பாதிக்கும் கீழே இறங்கியது. அவர்களைக் காப்பாற்றியது அந்த ட்யூப்தான். பக்கத்தில் இருந்த இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. வழியில் இன்னொரு சிக்கல் முளைத்தது. இழுபடும் வேகத்தில் புரொப்பல்லர் தானாகவே சுழன்று ஷாஃப்டையும் சுழற்ற, கட்டிய ட்யூப் நழுவத் தொடங்கியது. எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கில் பைப் ரெஞ்சைப் போட்டு, ரெஞ்சின் கைப்பிடியை எஞ்சின் உட்கார்ந்திருக்கும் பெட்டோடு கட்டிய பிறகே நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகு கரை சேர்ந்ததும் மேஸ்திரியான என்னைக் கூப்பிட்டார்கள்.

கடலில் இந்த நிலை வந்தால் இவர்கள் செய்ததில் பெரும்பகுதி சரியான வேலை. முதலில் ஷாஃப்டை நிறுத்துவது, பிறகு சுற்றிக் கட்டுவது, இழுவையின்போது ஷாஃப்டைப் பூட்டுவது, மூன்றும் முக்கியம். அவர்கள் செய்யாமல் விட்டது, கடலோரக் காவல்படையின் 1554 என்கிற உதவி எண்ணுக்கோ வயர்லெஸ்ஸிலோ உடனே தகவல் சொல்வது. பக்கத்தில் படகு இருந்ததால் தப்பித்தார்கள்.

இனி, ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம்.

கிளாண்டு என்ன வேலை செய்கிறது

ஷாஃப்ட் சுழல வேண்டும், ஆனால் அதன் ஓரமாகக் கடல் உள்ளே வரக் கூடாது. இதற்காக, ஷாஃப்ட் வெளியே போகிற ஸ்டெர்ன் டியூப் என்கிற குழாயின் உள்முனையில் ஒரு பித்தளைக் கூடு இருக்கும். அதுதான் ஸ்டஃபிங் பாக்ஸ். அதற்குள் மெழுகும் கொழுப்பும் ஏற்றிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டி அடுக்கி, கிளாண்டு என்கிற கழுத்துத் துண்டால் இரண்டு நட்டுகளைக் கொண்டு அழுத்துகிறோம். அழுத்தும்போது கயிறு பக்கவாட்டில் விரிந்து ஷாஃப்டைக் கவ்வுகிறது. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு கவ்வும்.

தண்ணீரை முழுதாக அடைப்பதற்காக இதை வடிவமைக்கவில்லை. சுழலும் ஷாஃப்டுக்கும் நிற்கும் கயிற்றுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்க வேண்டும். உராய்வைக் குறைப்பது அந்தப் படலம். பிறக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அதுதான். உள்ளே விழுகிற சொட்டுகள் அந்தப் படலம் உயிரோடு இருப்பதற்கான அடையாளம். வழக்கமான சணல் பேக்கிங்குக்கு, ஷாஃப்ட் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது நல்லது. நின்ற பிறகு அநேகமாக நின்றுவிட வேண்டும்.

சொட்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. நிமிடத்துக்கு மூன்று சொட்டு என்றால் நாள் முழுதும் ஓடினாலும் 4,320 சொட்டு. 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்தால் 216 மில்லி. ஒரு தம்ளர் தண்ணீர். இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 50 மி.மீ. ஷாஃப்டைச் சுற்றி வெறும் 1 மி.மீ. இடுக்கு விழுந்து, அது நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு ஒன்றரை டன். பேக்கிங் எரிந்துபோனால் நடப்பது இந்த இரண்டாவது கணக்கு. தம்ளர் தண்ணீரை நிறுத்தப் போய் டன் கணக்கில் வரவழைத்த கதைதான் இந்தப் படகினுடையது.

முந்தின மாதங்கள்

படகின் எஞ்சின் டிரைவரிடம் பேசியதில் வரலாறு கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில், படகைக் கரையேற்றி கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளை அடைத்து), பெயின்ட் அடித்து, எஞ்சினையும் மாற்றியிருக்கிறார்கள். கடலில் இறக்கிய சில வாரங்களுக்குள் கிளாண்டில் சொட்டு கூடியது. இறுக்கினார்கள், குறைந்தது. மறுபடி கூடியது. மறுபடி இறுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நீளமான ஸ்பேனரில் பைப் செருகி இறுக்கியிருக்கிறார்கள்.

"சொட்டே இல்லாம நிறுத்திட்டோம் மேஸ்திரி, அப்புறந்தான் இந்த வாடை வந்துச்சு" என்றார் அந்தத் தம்பி. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. சொட்டாத கிளாண்டைக் காட்டித்தான் பல படகுகளில் வேலைக்காரரின் திறமையை அளக்கிறார்கள். ஓனர் இறங்கிவந்து பார்த்து, கீழே ஈரம் இருந்தால் திட்டுவார். பையன் இறுக்குவான். இந்தப் பழக்கம் மாறினால் பாதிக் கிளாண்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இருந்தது. கீழே தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடுகிற மிதவை சுவிட்ச் பம்ப். நல்ல சாதனம்தான். ஆனால் அது சத்தமில்லாமல் இறைத்துக்கொண்டே இருந்ததால், எவ்வளவு தண்ணீர் வருகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. பம்ப் ஓடும்போது எரிகிற ஒரு சின்ன விளக்கை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரு மணிக்கு எத்தனை முறை எரிகிறது என்பதிலேயே கிளாண்டின் நிலை தெரிந்துவிடும். இந்தப் படகில் இப்போது வைத்திருக்கிறோம்.

பிரித்தபோது

படகைச் சிலிப்வேயில் ஏற்றிய பிறகே கிளாண்டைப் பிரித்தேன். தண்ணீரில் வைத்துக்கொண்டே பேக்கிங் மாற்றுகிறவர்கள் உண்டு; நல்ல நிலையில் இருக்கிற கிளாண்டில், ஆள் பழகியவராக இருந்தால் முடியும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத கிளாண்டில் அது வேண்டாத விளையாட்டு.

முதலில் வந்தது பொடியும் கரியும். அடுத்ததை கொக்கியால் எடுக்க முடியவில்லை. கண்ணாடி மாதிரி இறுகி, பளபளவென்று கறுத்திருந்தது. மெல்லிய உளியால் உடைத்து உடைத்து எடுத்தேன். எடுக்க எடுக்கத்தான் தெரிந்தது, அது தனித்தனி வளையமே இல்லை. ஒரே நீளக் கயிற்றை ஷாஃப்டைச் சுற்றி மூன்று நான்கு சுற்று சுருளாகச் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சுருளாகச் சுற்றினால் கயிற்றின் ஓரத்தோடு தண்ணீர் உள்ளே வர ஒரு பாதையே போட்டுக் கொடுத்ததாக ஆகும். ஷாஃப்ட் சுழலும் திசையைப் பொறுத்து சுருள் இறுகவும் செய்யும், அவிழவும் செய்யும். அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகாது.

எல்லாம் முடிந்தது என்று டார்ச் அடித்துப் பார்த்தால், கூட்டின் அடியில் வேறு நிறத்தில் ஒரு வளையம். வெளிறி, நார்நாராக, முந்தைய தலைமுறை பேக்கிங். புதியது போட்டவர் அதை எடுக்காமலே அதன்மேல் அடுக்கியிருக்கிறார். அடியில் செத்துப்போன வளையம் கிடந்தால் மேலே எவ்வளவு நல்ல கயிறு போட்டாலும் அழுத்தம் சரியாக உட்காராது.

பிறகு ஷாஃப்ட். பேக்கிங் உட்காரும் இடத்தில் விரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடுக்கி நிற்கிறது. கேஜ் வைத்துப் பார்த்ததில் ஆழமான இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. இறுக்கிய காய்ந்த கயிறும், உள்ளே போன மணலும், உப்பும் சேர்ந்து அரம் போட்ட மாதிரி அரித்திருந்தன. அந்தக் காடிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளும் இருந்தன. குழிகளுக்குக் காரணம் வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன்மேல் உள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் பிழைக்க ஆக்சிஜன் வேண்டும். ஈரமான பேக்கிங்குக்கு அடியில், ஓடாமல் நிற்கிற உப்புத்தண்ணீரில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே குழி விழும். வாரக்கணக்கில் ஓடாமல் துறையில் கட்டிக் கிடக்கிற படகுக்கு இது வரும். தடைக்காலத்தில் படகைத் தண்ணீரிலேயே விட்டுவைப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஷாஃப்டைக் கையால் சுற்றி, கிளாண்டைக் கொஞ்சம் தளர்த்திப் புதுத்தண்ணீர் ஓடவிட்டு மறுபடி மூடுவது நல்லது. கரையேற்றிய படகென்றால் பேக்கிங்கை எடுத்துவிட்டு, துடைத்து, இறக்கும் முன் புதிதாகப் போட்டுவிடலாம்.

உள்ளே இவ்வளவு கிடைத்தும், பேக்கிங் ஏன் திரும்பத் திரும்பத் தளர்ந்தது என்ற கேள்விக்கு அது முழுப் பதில் ஆகவில்லை. மோசமாகப் போட்ட பேக்கிங்கும் சில மாதம் தாங்கும். வாரத்துக்கு வாரம் தளர்கிறது என்றால் ஷாஃப்ட் ஆடுகிறது என்று பொருள்.

வெளிப்பக்கம்

படகின் பின்னால் போய் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். 'டக், டக்' என்று அடித்தது. டயல் கேஜில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம். ஷாஃப்டின் பின்முனையைத் தாங்கும் ரப்பர் புஷ் புதிதாக இருந்தால் இந்த அளவு ஷாஃப்டுக்குக் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. புரொப்பல்லரைக் கழற்றிய பிறகு காரணத்தில் ஒரு பங்கு கையில் வந்தது. புரொப்பல்லர் குடத்துக்கும் (இலைகள் சேரும் நடுப்பகுதி) புஷ் கூட்டுக்கும் இடையில் தங்கூசி என்கிற நைலான் நரம்பு இறுகிச் சுற்றி, உருகி, ஒரு வளையமாகவே ஆகியிருந்தது. கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த ரப்பர் புஷ்ஷின் உள்பக்கம் நீளவாக்கில் வாய்க்கால்கள் இருக்கும். கடல்நீர் அந்த வாய்க்கால் வழியாக ஓடி ரப்பருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் படலமாக நிற்கிறது. அதற்கு எண்ணெயோ கிரீஸோ கிடையாது, தேவையும் இல்லை. தங்கூசி வளையம் அந்த வாய்க்கால்களின் வாயை அடைத்துவிட்டது. தண்ணீர் போகாத ரப்பர் சூடாகித் தேய்ந்தது. தேய்ந்த புஷ்ஷில் ஷாஃப்ட் ஆடியது. ஆடிய ஷாஃப்ட் கிளாண்டின் பேக்கிங்கை ஒவ்வொரு சுற்றிலும் ஒருபக்கமாக இடித்து அகட்டியது. அகட்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. இறுக்கினார்கள். இதுதான் அந்தச் சங்கிலி.

தண்ணீரே மசகாக இருக்கும் என்பது கப்பல் தொழில் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம். புரொப்பல்லர் வைத்த நீராவிக் கப்பல்கள் வந்த புதிதில் பின்முனை பேரிங்குகளை உலோகத்தில்தான் செய்தார்கள். அவை வெகுவேகமாகத் தேய்ந்து, தண்ணீர் உள்ளே வந்து, நீண்ட பயணமே ஆபத்தாக இருந்தது. 1854-இல் கிரீனிச்சைச் சேர்ந்த எஞ்சின் தயாரிப்பாளர் ஜான் பென், லிக்னம் வைட்டே என்கிற மிகக் கடினமான, பிசின் நிறைந்த மரத்தைச் சட்டம் சட்டமாக வைத்து, சட்டங்களுக்கு நடுவே கடல்நீர் ஓட இடம்விட்டு ஒரு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். தேய்மானம் அடியோடு குறைந்தது. புரொப்பல்லர் கப்பல்கள் பெருங்கடலில் நம்பிக்கையோடு போனதற்கு அதுவும் ஒரு காரணம். நம் படகில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் வாய்க்கால்கள் அதே யோசனையின் வாரிசுகள். அந்த வாயை அடைக்கிற ஒரு முழம் தங்கூசி அத்தனையையும் வீணாக்கிவிடும். மடி, வலைப் பக்கம் வேலை செய்கிற படகென்றால் ஒவ்வொரு முறை கரையேறும்போதும் புரொப்பல்லர் குடத்துக்கும் புஷ் கூட்டுக்கும் இடையில் பார்ப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே கோட்டில்

சங்கிலியின் இன்னொரு முனை எஞ்சின் மாற்றியதில் இருந்தது. புதிய எஞ்சினைக் கரையில், படகு கட்டைகள்மேல் நிற்கும்போது கப்ளிங் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் மரப்படகு தண்ணீரில் இறங்கியதும் வேறு வடிவம் எடுக்கும். கரையில் கட்டைகள்மேல் சுமை ஒரு விதமாக நிற்கும். தண்ணீரில் உடம்பு முழுதும் தாங்கப்படும். பலகைகள் ஈரம் குடித்து ஊதும். அதனால் இறக்கி ஒன்றிரண்டு நாள் கழித்து, டீசலும் ஐஸும் வழக்கமான அளவுக்கு ஏற்றிய பிறகு, கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் படகில் அதைச் செய்யவில்லை.

பார்ப்பது எப்படி என்றால், இரண்டு கப்ளிங் முகங்களையும் ஒட்டக் கொண்டுவந்து, மேல், கீழ், இடம், வலம் என நாலு இடத்திலும் ஃபீலர் கேஜ் செருகிப் பார்க்கிறோம். அதிகபட்ச இடைவெளிக்கும் குறைந்தபட்ச இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம், கப்ளிங்கின் விட்டத்தில் ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்தப் படகின் 150 மி.மீ. கப்ளிங்குக்கு 0.15. நான் அளந்தபோது கீழ்ப்பக்கம் 0.6-க்கு மேல் திறந்திருந்தது. பிறகு கப்ளிங்கில் ஒரு பாதியை மட்டும் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி அதே நாலு இடத்தையும் மறுபடி அளக்க வேண்டும். திறந்த இடம் கூடவே நகர்ந்தால் ஷாஃப்டோ கப்ளிங்கோ கோணல். கீழேயே நின்றால் எஞ்சின் உட்கார்ந்த விதம் கோணல். இங்கே கீழேயே நின்றது. எஞ்சின் காலுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடு சேர்த்துச் சரிசெய்தோம்.

ஆடுகிற ஷாஃப்ட் கிளாண்டை என்ன செய்யும் என்பதற்கு இந்தப் படகைவிட எத்தனையோ மடங்கு பெரிய சாட்சி மலேயாவின் கிழக்குக் கடலில் கிடக்கிறது. 1941 டிசம்பர் 10 அன்று, குவாந்தானுக்கு அப்பால், பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' மீது ஜப்பானிய விமானங்கள் எறிந்த டார்பிடோ ஒன்று இடப்புற வெளி ஷாஃப்டின் பக்கத்தில் தாக்கியது. ஷாஃப்டைத் தாங்கிய பிராக்கெட் போனது. தாங்கலில்லாத ஷாஃப்ட் சுழன்றபடியே தாறுமாறாக ஆடி, கப்பலின் உள்தடுப்புகளில் அது நுழைகிற கிளாண்டுகளைப் பிய்த்தெறிந்தது. தண்ணீர் ஷாஃப்ட் பாதையோடு உள்ளே ஓடி எஞ்சின் அறை வரை போனது. கப்பல் சாய்ந்து, மின்சாரத்தின் பெரும்பகுதியை இழந்து, அன்றைக்கே மூழ்கியது. ஷாஃப்டை அதன் கோட்டில் பிடித்துவைக்காமல் கிளாண்டை மட்டும் கவனிப்பதில் பயனே இல்லை.

கிரீஸ்

ஸ்டஃபிங் பாக்ஸின் பக்கத்தில் ஒரு கிரீஸ் கப் இருந்தது. உள்ளே இருந்ததை விரலில் தொட்டுப் பார்த்தேன். பால்கோவா நிறத்தில் நீர்த்து, தண்ணீரோடு கலந்து கூழாகியிருந்தது. லாரி பட்டறையில் கிடைத்த கிரீஸைக் கழிவு ஆயிலோடு குழைத்து நிரப்பியிருக்கிறார்கள். சோடியம் சோப்பில் செய்த பழைய வகை வீல் பேரிங் கிரீஸ் தண்ணீர் பட்டால் இப்படித்தான் கரையும். கிளாண்டுக்கு வேண்டியது தண்ணீரில் கழுவிப்போகாத கிரீஸ்: கால்சியம் வகை, அதிலும் கால்சியம் சல்ஃபோனேட் வகை கடலுக்கு நன்றாக நிற்கிறது. டப்பாவில் கடல்நீருக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். கழிவு ஆயிலைக் கிளாண்டில் போடுவது கடலுக்கும் கேடு, ஷாஃப்டுக்கும் கேடு. அதில் உலோகத்தூள் மிதக்கிறது.

அளவும் முக்கியம். கிரீஸை அமுக்கினால் சொட்டு நின்றுவிடும். அதைப் பார்த்துப் பலர், சொட்டும்போதெல்லாம் கிரீஸ் கப்பைத் திருகுகிறார்கள். கிளாண்டு தேய்ந்துகொண்டே போவது அதனால் மறைந்துவிடும். இந்தப் படகில் நான் சொன்னது: கடலுக்குப் புறப்படும் முன்னும் திரும்பி வந்ததும் கப்பை அரைத் திருகு, அவ்வளவுதான். வந்ததும் திருகுவது ஏன் என்றால், துறையில் நிற்கும்போது இடுக்கில் உப்புத்தண்ணீருக்குப் பதிலாகக் கிரீஸ் நிற்கட்டும் என்று. அந்த கிரீஸ் சரியான இடத்துக்குப் போக, நடுவில் துளைகள் உள்ள பித்தளை வளையம் ஒன்று, கிரீஸ் வருகிற துளைக்கு நேராக உட்கார வேண்டும். இந்தப் படகின் கூட்டில் அது இருந்தது, ஆனால் துளையைத் தாண்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. இத்தனை நாளும் திருகிய கிரீஸ் ஒரு கயிற்றின் முதுகில் மோதிக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்பப் போட்டது

ஷாஃப்டில் வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்துவிடலாம் என்றார் ஓனர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் வளையும்; வெல்டிங் ஓரத்தில் விரிசல் தொடங்க வாய்ப்பு கூடும்; இழுவைமடிப் படகில் ஷாஃப்டுக்கு வருகிற முறுக்கு சாதாரணமானதில்லை. காடி இன்னும் ஆழம் குறைவாக இருந்திருந்தால் கடைந்து மெருகேற்றி ஓட்டியிருக்கலாம். கொஞ்சம் பேச்சுக்குப் பிறகு புது ஷாஃப்ட், புது ரப்பர் புஷ் என்று முடிவானது. செலவு பெரியதுதான். அந்தக் கோபத்தில் அவர் எஞ்சின் டிரைவரைக் குறைசொல்ல ஆரம்பித்தார். எஞ்சினைப் பொருத்தியதிலும் பேக்கிங் போட்டதிலும் அந்தத் தம்பியின் கை இல்லை என்பதை எடுத்துச் சொன்னேன்.

பேக்கிங் அளவைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. கூட்டின் உள்விட்டத்திலிருந்து ஷாஃப்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். கூடு 70, ஷாஃப்ட் 50. ஆக 10 மி.மீ. சதுரக் கயிறு. கிராஃபைட் கலந்த பேக்கிங்கைக் கடையில் எடுத்துக் காட்டினார்கள். வழுவழுப்பு அருமை, ஆனால் கடல்நீரில் கிராஃபைட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு வரும், நஷ்டப்படுவது ஸ்டீல். டெஃப்லான் ஏற்றிய சணலை எடுத்தோம்.

புது ஷாஃப்டின்மேலேயே கயிற்றைச் சுற்றி வெட்டினால் கீறல் விழும். அதே விட்டமுள்ள ஒரு குழாயில் சுற்றி, கூரான பிளேடால் சாய்வாக, 45 டிகிரியில் வெட்டி வளையங்கள் செய்தோம். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து படிய வேண்டும். இடைவெளியும் விழக்கூடாது, ஏறிக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொன்றிலும் கிரீஸ் தடவி, ஒரு வளையத்தை முழுதாக அடியில் உட்கார வைத்த பிறகே அடுத்தது. இணைப்பு வாய்கள் ஒரே நேரில் வராதபடி ஒவ்வொன்றையும் கால் சுற்று தள்ளி வைத்தோம். இரண்டு வளையம், பிறகு பித்தளை வளையம், பிறகு இரண்டு. பித்தளை வளையம் கிரீஸ் துளைக்கு நேராக நிற்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தோம். கிளாண்டின் நட்டுகளை விரலால் மட்டும் திருகி நிறுத்தினோம்.

தண்ணீரில் இறக்கியதும் தாராளமாகச் சொட்டியது. அப்படித்தான் இருக்க வேண்டும். எஞ்சின் டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே மீதி வேலை. குறைந்த வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு நட்டையும் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும் இறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக, கிளாண்டு முகம் சாயாமல். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேக்கிங் உட்கார்ந்த பிறகு அடுத்த முகம். இதற்கு நடுவில் கூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே தளர்த்த வேண்டும். தொடுவது கூட்டை மட்டும். சுழல்கிற ஷாஃப்டுக்கும் கப்ளிங்குக்கும் பக்கத்தில் கை போகவே கூடாது. லுங்கியோ தோள் துண்டோ கப்ளிங் போல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். கப்ளிங்கின்மேல் ஒரு தகரக் கூண்டு அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். அருகே போகாமல் சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது, அதையும் வாங்கச் சொன்னேன்.

நிமிடத்துக்கு மூன்று சொட்டுக்கு வந்ததும் லாக் நட்டைப் பூட்டினோம். பூட்டும்போது உள் நட் கூடவே திரும்பாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை மறந்தால் அதுவரை பார்த்துப் பார்த்து வைத்த அளவு போய்விடும்.

வேறு வகை சீல் உள்ள படகுகளுக்கு

இதெல்லாம் கயிற்றுப் பேக்கிங் கிளாண்டுக்கு. ஃபைபர் சுற்றுலாப் படகுகளிலும் புதிய படகுகள் சிலவற்றிலும் சொட்டாத சீல்கள் வருகின்றன. ரப்பர் உதடு உள்ள சீலுக்குக் கிரீஸ் வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ், சொன்ன சிறிய அளவு மட்டும். சில ரப்பர்கள் சாதாரண பெட்ரோலிய கிரீஸில் ஊதிவிடும். கார்பன் முகமும் ஸ்டீல் வளையமும் உரசுகிற வகையில் முகங்களுக்கு நடுவில் கிரீஸே படக்கூடாது. இரண்டு வகையிலும் படகை இறக்கியதும் முதல் வேலை, சீலைக் கையால் அமுக்கியோ விலக்கியோ உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுவது. தண்ணீர் வெளியே எட்டிப் பார்க்கும்வரை விடக்கூடாது. காற்று நின்றால் சீல் உலர்ந்து ஓடி முதல் நாளே கெட்டுப்போகும். இந்த வகை சீல்களில் சொட்டு என்கிற அடையாளம் இல்லாததால், வருடக் கணக்கு வைத்து, சீலைத் தாங்குகிற ரப்பர் துருத்தியையும் கிளாம்புகளையும் மாற்ற வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால் ஒருநாள் துருத்தியே கிழியும். அப்போது ஓட்டை முழு வட்டமாக இருக்கும்.

அடுத்த தடைக்காலத்தில் இந்தப் படகைக் கரையேற்றியபோது மறுபடி பிரித்துப் பார்த்தேன். வளையங்கள் நாலும் முழுதாக, மென்மையாக வந்தன. கிரீஸ் இரண்டு பக்கமும் சீராகப் பரவியிருந்தது. ஷாஃப்டில் பேக்கிங் உட்கார்ந்த இடம் பளபளப்பாக, நகம் தடுக்காமல் இருந்தது. புஷ்ஷின் ஆட்டம் அரை மில்லிமீட்டருக்கும் கீழ். புரொப்பல்லர் குடத்துக்கும் புஷ் கூட்டுக்கும் இடையில் மறுபடியும் கொஞ்சம் தங்கூசி சுற்றியிருந்தது, வாய்க்காலை இன்னும் எட்டவில்லை. அந்த இடத்தில் கயிறு வெட்டும் கத்தி வளையம் ஒன்று பொருத்துவதாக ஓனர் சொல்லியிருக்கிறார். கப்ளிங்கைப் படகு தண்ணீரில் இறங்கிய இரண்டாம் நாள் மறுபடி அளந்தோம்: 0.12. ஷிம் எதையும் தொடவில்லை.